ஒழுகும் ரேம், தேயும் ஃப்ளாஷ்

போன் கடையில் ‘8 ஜிபி, 128 ஜிபி’ என்று இரண்டு எண்களைச் சொல்வார்கள். இரண்டுமே நமக்கு மெமரிதான். முதலாவது ரேம், சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தால் எல்லாம் போச்சு. இரண்டாவது ஃப்ளாஷ், வருடக்கணக்கில் வைத்திருக்கும். இரண்டிலும் தகவலைத் தாங்குவது எலக்ட்ரான்கள்தான். அவற்றை எவ்வளவு கெட்டியாக அடைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இன்றைய ரேமின் அமைப்பை 1960களில் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட் கண்டுபிடித்தார். ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 0 அல்லது 1க்கு, டிரான்சிஸ்டர் என்ற ஒரு மின் சுவிட்ச், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு குட்டி கெப்பாசிட்டர், அவ்வளவே. இந்த ஜோடிதான் ஒரு செல். மலிவு, நெருக்கமாக அடுக்கலாம். ஆனால் அந்த கெப்பாசிட்டர் ஓர் ஓட்டைக் குடம். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லிசெகண்டுக்குள் எல்லா செல் வரிசைகளையும் ஒருமுறை படித்து மறுபடி நிரப்பியாக வேண்டும். படிப்பதே குடத்தைக் காலிசெய்துவிடும் என்பது இன்னொரு கூத்து. படித்த கையோடு திரும்ப எழுதிவிடுகிறார்கள்.

சரி, மின்சாரத்தை நிறுத்தினால் 64 மில்லிசெகண்டில் எல்லாம் அழிந்துவிடுமா? இல்லை. அது பலவீனமான செல்லையும் கணக்கில் எடுத்து வைத்த கெடு. 2008இல் ப்ரின்ஸ்டன் ஆய்வாளர்கள், கீபோர்டு தூசி ஊதும் ஸ்ப்ரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ரேமின் மேல் அடித்தார்கள். உறைகுளிரில் கசிவு மந்தமாகி, மின்சாரம் இல்லாமலே பல நிமிடங்கள் தகவல் தங்கியது. அதிலிருந்து டிஸ்க்கைப் பூட்டியிருந்த ரகசியச் சாவிகளையே எடுத்துக் காட்டினார்கள்!

அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள பிராசஸருக்குள்ளேயே கேஷ் என்றொரு மெமரி உண்டு. அதில் ஒரு பிட்டுக்கு வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர். மின்சாரம் இருக்கும்வரை நிரப்பத் தேவையில்லை, படுவேகம். இடத்தை அடைக்கும் என்பதால் சில எம்பிதான் கிடைக்கும்.

தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃப்ளாஷ் வேறு ரகம். மின்காப்பு சூழ்ந்த அடுக்குக்குள் எலக்ட்ரான்களை அதிக வோல்டேஜ் கொடுத்துத் திணிக்கிறது. உள்ளே போனவை லேசில் வெளியே வராது. ஆனால் ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்தக் காப்பு கொஞ்சம் சேதமாகும். அதனால் ஆயுசுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே இடம் தேயாதபடி எழுத்தைப் பரப்பிவிடுவது உள்ளிருக்கும் கன்ட்ரோலரின் வேலை.

இப்போது ‘8+8 ஜிபி ரேம்’ என்று விளம்பரம் வருகிறதே, அந்த இரண்டாவது 8 இந்த ஃப்ளாஷிலிருந்து கடன் வாங்கியது. ரேம் பதில் சொல்ல ஏறக்குறைய 100 நானோசெகண்ட் ஆகும்; ஃப்ளாஷுக்குப் பல்லாயிரம் நானோசெகண்ட். பின்னணியில் தூங்கும் ஆப்களை ஒதுக்கிவைக்க உதவும். அதை நம்பி 16 ஜிபி போனுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.