பஜாவ் மக்களின் மண்ணீரல் நமக்கு இல்லை

“பஜாவ் ஆட்கள் ஒரே மூச்சில் 13 நிமிஷம் கடலுக்குள் இருப்பாங்களாமே டாக்டர், பழகினா நமக்கும் வருமா?” நீச்சல் குளத்தில் பந்தயம் கட்டி முங்கிவிட்டு, காது வலியோடு என்னிடம் வரும் பையன்கள் கேட்பது இது. எல்லாம் வீடியோ தரும் வேகம்.

பஜாவ் மக்கள் தென் பிலிப்பைன்ஸ், மலேசியாவின் சபா, இந்தோனேசியாவின் சுலவேசி எனப் பரவியிருக்கும் கடலோடிகள். தலைமுறை தலைமுறையாகப் படகையே வீடாகக் கொண்டிருந்தவர்கள். இன்று பலர் ஆழமில்லாத கடலில் கால் நட்டுக் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். மரச்சட்டக் கண்ணாடியை மாட்டி, ஈட்டித் துப்பாக்கியோடு இறங்குகிறார்கள். 70 மீட்டர் ஆழம் வரை போவார்கள் என்கிறார்கள். ஆனால் அவர்களுடைய அன்றாட மீன்வேட்டையை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, ஒரு முங்கு சராசரியாக அரை நிமிடம்தான் நீடித்தது. ஆழமும் ஆறேழு மீட்டர். அசத்துவது வேறொன்று: மேலே வந்து கொஞ்சம் மூச்சு வாங்கியதும் மறுபடி முங்கிவிடுகிறார்கள். இப்படியே வேட்டை நேரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் நீருக்கடியில் கழிகிறது.

மூச்சை அடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, தேக்கி வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் சேர்க்கும். நம் எல்லோருக்கும் நடப்பதுதான். 2018இல் வெளியான ஆய்வில், பஜாவ் மக்களின் மண்ணீரல் பக்கத்து சலுவான் மக்களுடையதைவிட சுமார் 50 சதவீதம் பெரிதாக இருந்தது. முங்கவே போகாத பஜாவ்களுக்கும் அப்படித்தான்! ஆகவே இதைப் பயிற்சியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. மண்ணீரலின் அளவோடு தொடர்புள்ள பிடிஇ10ஏ என்ற மரபணுவின் ஒரு வடிவம் அவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

அவர்களும் விலை கொடுக்கிறார்கள். செவிப்பறை கிழிந்து, கேட்கும் திறன் குறைந்தவர்கள் பலர். கம்ப்ரஸர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சியபடி நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலேறும்போது, ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உருவாகி முடங்கிப்போனவர்களும் இறந்தவர்களும் உண்டு.

நம் பையன்கள் செய்யும் பெரிய ஆபத்து, முங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவது. இதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். ‘மூச்சு விடு’ என்று உடலை உந்துவதே அந்த வாயு கூடுவதுதான். அந்த உந்துதல் வருவதற்குள் நினைவு தப்பிவிடும். இடுப்பளவுத் தண்ணீரிலும் சாவு வரலாம். அதனால் தனியாக முங்காதீர்கள். கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், செல்போனை அல்ல.

சளி பிடித்திருந்தால் முங்கவே வேண்டாம். காது அடைத்து வலிக்க ஆரம்பித்தால் அதற்குமேல் இறங்காதீர்கள். அப்புறம், காதில் ரத்தம் வந்தால் எண்ணெயோ சொட்டு மருந்தோ நீங்களாக ஊற்றாமல் நேராக மருத்துவரிடம் வாருங்கள்.