வெளிமாநில வேட்டை லைசென்ஸ்: விலையும் விலாசமும்

நான் கொலராடோவில் வழக்கறிஞர். அக்டோபர், நவம்பர் வந்து துப்பாக்கி சீசன் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் ஆள் மாறுவார், கதை மாறாது. வேலைக்காக டெக்சஸிலிருந்து டென்வருக்குக் குடிவந்து நாலு மாதம் ஆகியிருக்கும், ஆபீஸ் நண்பர்கள் எல்க் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருப்பார்கள், ஆன்லைனில் லைசென்ஸ் எடுக்கும்போது "எப்போதிலிருந்து இங்கே வசிக்கிறீர்கள்" என்ற இடத்தில் தேதியை ரெண்டு மாதம் முன்னால் தள்ளிப் போட்டிருப்பார். உள்ளூர்க்காரருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் கட்டணத்தில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம், கை நீளத்தான் செய்யும்.

ஆனால் அந்தத் தேதியைச் சரிபார்ப்பது ரொம்பச் சுலபம். டிரைவிங் லைசென்ஸ் என்றைக்குக் கொடுக்கப்பட்டது, வண்டி எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறது, வரி எங்கே கட்டுகிறீர்கள் என்று அதிகாரி பார்த்தாலே விஷயம் வெளியே வந்துவிடும். உள்ளூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள கொலராடோவில் ஆறு மாதம், மொன்டானாவில் தொடர்ந்து 180 நாள், வயோமிங்கில் ஒரு வருடம் வசித்திருக்க வேண்டும். மொன்டானாவில் வீடு வாங்கிப்போட்டுச் சொத்து வரி கட்டுகிறேன் என்பதெல்லாம் செல்லாது. ஒரு மாநிலத்தில் வேட்டை உரிமை பறிபோனால் மற்ற மாநிலங்களிலும் போகும். 1989-இல் கொலராடோ, நெவாடா, ஓரிகன் மூன்றும் தொடங்கிய ஒப்பந்தத்தில் இன்று அநேகமாக எல்லா மாநிலங்களும் இருக்கின்றன. பொய் லைசென்ஸில் சுட்ட இறைச்சியை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் சட்டவிரோதமாகப் பிடித்த வனவிலங்கைக் கடத்துவதைத் தடுக்கும் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது மத்திய அரசின் வழக்காகவும் ஆகலாம்.

எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். அதற்குள்ள சில விதிவிலக்குகளில் ஒன்று முறைப்படி பெற்ற வேட்டை லைசென்ஸ். தேதியை மாற்றிப் போட்டு வாங்கியதை முறைப்படி பெற்றது என்று நான் எப்படி வாதாடுவேன்? சில நூறு டாலர் மிச்சம் பிடிக்கப்போய் விசாவையே பணயம் வைக்கிறீர்கள்.

சரி, இவ்வளவு வித்தியாசம் நியாயமா என்று எல்லோருமே கேட்கிறார்கள். நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அந்தக் கதவு மூடியாயிற்று. மொன்டானாவில் எல்க் வேட்டைக்கு உள்ளூர்க்காரரிடம் 9 டாலரும் வெளியாளிடம் 225 டாலரும் வாங்கியதை எதிர்த்துப் போன வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது. பொழுதுபோக்கு வேட்டை பிழைப்பு அல்ல என்பதுதான் அடிப்படை. பிழைப்பு என்றால் பார்வை வேறு. இறால் பிடிக்க உள்ளூர் படகுக்கு 25, வெளிப் படகுக்கு 2,500 டாலர் என்று தென் கரோலினா வைத்ததை 1948-இலேயே ரத்து செய்துவிட்டார்கள். அப்புறம் 2002-இல், வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீத லைசென்ஸ்தான் என்ற அரிசோனாவின் வரம்புக்கு எதிராக ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது, 2005-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதிகாரத்தை மாநிலங்களுக்கே உறுதிசெய்தது.

உள்ளூர்க்காரர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். பனிக்காலத்தில் வைக்கோலைத் தின்றுவிட்டுப் போகும் மான்கூட்டத்தோடு வருடம் முழுக்க வாழ்பவர்கள் அவர்கள், லைசென்ஸைப் பிரித்துக் கொடுக்கும் குலுக்கலில் அவர்களுக்குத்தான் பெரிய பங்கு போக வேண்டும். ஆனால் வேட்டை நடக்கும் நிலம் யாருடையது? வயோமிங்கில் கிட்டத்தட்டப் பாதி மத்திய அரசு நிலம், ஃபுளோரிடாக்காரரின் வரியும் அதில் இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் 11 சதவீத வரியும் நாடு முழுக்க எல்லோரும் கட்டுவதுதான், அதிலிருந்துதான் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்கு நிதி வருகிறது.

வெளியாளுக்குத் தரும் லைசென்ஸ் எண்ணிக்கையைக் குறையுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. பணத்தை வைத்து ஆளைப் பிரிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வயோமிங்கில் உள்ளூர் எல்க் லைசென்ஸ் 57 டாலர், வெளியாளுக்கு 692. அதற்கு மேலே 'ஸ்பெஷல்' என்று ஒன்று, 2024 முதல் 1,950 டாலர். அதே மலை, அதே மான், குலுக்கலில் போட்டி கொஞ்சம் குறைவு என்பதற்காக இந்த விலை. போதாக்குறைக்கு அங்குள்ள வில்டர்னஸ் என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் வெளிமாநிலத்தவர் தனியாக நடக்கலாம், மீன் பிடிக்கலாம். ஆனால் எல்க் போன்ற பெரிய விலங்கை வேட்டையாட லைசென்ஸ் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்க்காரர் ஒருவரோ கூட வர வேண்டும். நியூ மெக்சிகோ குலுக்கலில் 84 சதவீதம் உள்ளூருக்கு, 10 வழிகாட்டி அமர்த்துபவருக்கு, வழிகாட்டி இல்லாமல் வரும் வெளியாளுக்கு 6. லாரி ஓட்டிச் சம்பாதித்து வருடத்துக்கு ஒரு முறை மலைக்கு வரும் மிசௌரிக்காரர் இந்தக் கணக்கில் கடைசியில் நிற்கிறார்.

ஆகவே கொலராடோவுக்குக் குடிவந்து ஐந்தாவது மாதத்தில் இருந்தால் இந்த சீசனை விட்டுவிடுங்கள், அல்லது வெளிமாநிலக் கட்டணத்தையே கட்டுங்கள். ஏற்கெனவே தேதியை மாற்றிப் போட்டு எடுத்துவிட்டவர் அந்த லைசென்ஸோடு காட்டுக்குப் போகாதீர்கள், அதிகாரியிடம் விளக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். கட்டணமும் ஒதுக்கீடும் மாற வேண்டும் என்று நினைக்கும் வெளிமாநிலத்தவருக்கு அங்கே ஓட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் கொலராடோவின் வனவிலங்கு ஆணையம் ஒதுக்கீட்டை மாற்றுவதற்கு முன் எழுத்தில் கருத்து வாங்குகிறது, வெளிமாநிலத்திலிருந்தும் அனுப்பலாம்.