அப்ரண்டிஸ்: தமிழில் தொழிற்பழகுநர்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியை முடித்த பிள்ளை அடுத்து எங்கே சேரப்போகிறது என்று உறவினர் கேட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் விடையாக வரும்: தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம். "அப்ரண்டிஸாகச் சேர்கிறான்" என்று இன்று யாரும் சொல்வதில்லை. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில், அங்கிருந்த கப்பல் பட்டறை ஒரு பையனை அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டால் அது குடும்பத்துக்கே நல்ல சேதி. அந்த ஏற்பாடு இப்போதும் இருக்கிறது, பெயர்தான் மாறிக்கொண்டே போகிறது. பெயர் மாற மாற, அது என்ன ஏற்பாடு என்பதும் பெற்றோருக்கு மங்கலாகிவிடுகிறது. அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

தேர்ந்த ஒருவரின் கீழ், வேலை நடக்கும் இடத்திலேயே, ஒப்பந்தம் செய்துகொண்டு, ஊதியமும் பெற்றுக்கொண்டு, குறிப்பிட்ட காலம் வரை ஒரு தொழிலைப் பழகுபவர் அப்ரண்டிஸ். காலம் முடிந்ததும் அவர் கையில் வெளியே செல்லுபடியாகும் ஒரு தகுதி இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவர் வேறு ஆளாகிவிடுவார். ஒப்பந்தமும் தகுதியும் இல்லாமல் பட்டறையில் நிற்பவர் எடுபிடி. கல்லூரிப் பாடத்தின் ஒரு பகுதியாகச் சில மாதங்கள் அலுவலகத்துக்குப் போய்வருபவர் வேலைப் பயிற்சி மாணவர். பட்டதாரிகளுக்காக 2025இல் சிங்கப்பூர் அரசு அறிவித்த பயிற்சித் திட்டத்தில் 3 முதல் 6 மாதங்களுக்கு, மாதம் 1,800 முதல் 2,400 வெள்ளி வரை படித்தொகை கிடைக்கிறது. அது வேலைச் சந்தையில் கால் வைக்க உதவும் நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அதை அப்ரண்டிஸ் முறை என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் ஒரு தொழிலைப் பழகிவிட முடியாது என்பது காரணம்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'அப்ராந்த்ர்' என்றால் கற்பது. அதற்கும் மூலம் லத்தீன் மொழியின் 'அப்ரெஹெந்தெரே', அதாவது எட்டிப் பிடிப்பது, கைப்பற்றுவது. போலீஸ் ஒருவரைப் பிடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்துதான் கிளைத்தது. தமிழருக்கு இதில் வியப்பு இருக்காது. நம்மிடம் திருடனும் பிடிபடுகிறான், வேலையும் பிடிபடுகிறது. "இன்னும் ஆறு மாதம் போகட்டும், தொழில் பிடிபட்டுவிடும்" என்று வயதான மண்டோர் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) ஒருவர் சொன்னால், லத்தீன் தெரியாமலே அவர் அதே உவமையைத்தான் கையாள்கிறார்.

இங்கிலாந்தில் இந்த உறவைச் சட்டம் முறைப்படுத்தியது 1563இல். தொழிலில் இறங்க வேண்டுமானால் குறைந்தது 7 ஆண்டுகள் ஆசானிடம் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றது அது. அந்தப் பகுதி 1814 வரை நீடித்தது. ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரு முறை எழுதி, நடுவில் பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வது வழக்கம். தகராறு வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பற்கள் பொருந்தினால் தாள் உண்மையானது. பல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து அந்தத் தாளுக்கு 'இண்டெஞ்சர்' என்ற பெயர் வந்தது.

தமிழர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் சுருக்கென்றிருக்கும். மலாயாவின் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலி முறைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இங்கே அது 1910இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1834இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபோது, விடுதலை பெற்றவர்களைப் பழைய முதலாளிகளிடமே கட்டிப்போட 'அப்ரண்டிஸ்' என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். 1838இல் அந்த நாடகம் முடிந்தது. ஆக, கற்பதற்காகக் கட்டுப்படுவது என்ற நல்ல கருத்து, கற்பிக்காமலே கட்டிவைப்பதற்கும் போர்வையானது உண்டு. இன்றைக்கும் ஒரு பையன் கையொப்பமிடும் முன் தாளைப் படிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த வரலாறுதான் காரணம்.

சிங்கப்பூரில் தொழில் பழகிய இந்தியர்களின் கதை சிறைச்சாலையில் தொடங்குகிறது. 1825இல் சுமத்ராத் தீவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். காலப்போக்கில் சிறைக்குள்ளேயே தச்சு, கொல்லு, செங்கல் அறுப்பு, கொத்து வேலை எனப் பல தொழில்களை அவர்களுக்குப் பழக்கினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. அதன் உட்சுவருக்குப் பூசியது சென்னைச் சுண்ணாம்பு எனப்படும் கலவை. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் வெல்லச் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை ஊற்றிப் பதமாக்கிப் பூச வேண்டும். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் பளபளவென்று மின்னும் வரை தேய்க்க வேண்டும். எவ்வளவு நீர், எப்போது நிறுத்துவது என்பதை எந்த ஏட்டைப் பார்த்தும் செய்துவிட முடியாது. பக்கத்தில் நின்று, தொட்டுப் பார்த்து, ஒருமுறை கெடுத்து, திட்டு வாங்கித்தான் பதம் தெரியும். அவர்களை அப்ரண்டிஸ் என்று யாரும் அழைக்கவில்லை. ஊதியமும் ஒப்பந்தமும் இல்லாத இடத்தில் அந்தப் பெயரைச் சூட்டுவதும் தவறு. ஆனால் கற்ற முறை அதுதான்.

சுதந்திரம் கிடைத்தபின் ஆலைகள் வேண்டும், ஆலைக்கு ஆள் வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. பொருளியல் வளர்ச்சிக் கழகம் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து பயிற்சி நிலையங்களை அமைத்தது: டாட்டாவுடன் 1972இல், ரோலையுடன் 1973இல், பிலிப்ஸுடன் 1975இல். இவற்றில் ரோலை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேமரா செய்யும் அந்த ஜெர்மன் நிறுவனம் 1981இல் சிங்கப்பூர்க் கடையைக் கட்டிவிட்டது. ஆனால் கேமராவுக்காகப் பழகிய நுண்பொறியியல் கேமராவோடு போய்விடவில்லை. அச்சு வெட்டவும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கவும் தெரிந்தவனுக்கு அடுத்த ஆலையிலும் வேலை உண்டு. பிள்ளையின் வேலைக்கு உத்தரவாதம் கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அங்கே பழகப்போகும் தொழில் வெளியிலும் விலைபோகுமா என்பதை.

1990இல் ஜெர்மனியின் இரட்டை முறையை முன்மாதிரியாகக் கொண்டு புதிய அப்ரண்டிஸ் திட்டம் ஒன்று இங்கே தொடங்கியது. வாரத்தின் பெரும்பகுதி வேலையிடத்தில், எஞ்சியது வகுப்பறையில். 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் உருவானபின் அதை அந்தக் கழகம் ஏற்றது. பிறகு 'அப்ரண்டிஸ்' உதிர்ந்து 'டிரெய்னி' வந்தது. ஜெர்மானியர்களும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'லேர்லிங்' என்ற பழைய சொல்லை விட்டுவிட்டு, பயிற்சி அளிக்கப்பட வேண்டியவர் என்று பொருள்படும் நீண்ட சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அது வாயில் நுழையாமல் போகவே 'அட்சுபி' என்று சுருக்கிக்கொண்டார்கள். பழைய சொல்லில் ஏவலாள் வாடை அடித்தது போலும். சிங்கப்பூரில் 2018இல் வேலையும் கல்வியும் இணைந்த பட்டயப் படிப்பு வந்தது. அதன் ஆங்கிலப் பெயரும் பிறகு ஒருமுறை மாறியது. இதில் சேர்பவரை நிறுவனம் பணியில் அமர்த்திச் சம்பளம் கொடுக்கிறது, கழகம் பாடம் நடத்திப் பட்டயம் வழங்குகிறது. நான் மேலே சொன்ன வரையறையில் இது அச்சாகப் பொருந்துகிறது. பெயரில்தான் அப்ரண்டிஸ் இல்லை.

மின்தூக்கித் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டயப் படிப்பு அதற்கும் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றில் பராமரிப்புக்கு மூத்த தொழில்நுட்பரோடு வரும் இளைஞன் முதலில் செய்வது தடுப்பு வைப்பது. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வது. அப்புறம் மண்டியிட்டு, கதவு ஓடும் பள்ளத்தைத் தூரிகையால் கூட்டுகிறான். மணல், பத்துக் காசு, சாத்தே குச்சியின் முனை. மின்தூக்கி நின்றுபோகும் கோளாறுகளில் பல அந்தப் பள்ளத்தில்தான் தொடங்குகின்றன. கதவின் அடியில் வழுக்கி ஓடும் சிறு துண்டு ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால், குப்பையைக் கூட்டினாலும் கதவு உரசும். மூத்தவர் அந்த உரசலைக் காதாலேயே கண்டுபிடிப்பார். இளைஞனுக்கு முதல் மாதத்தில் அது கேட்கவே கேட்காது. கதவை இயக்கும் மோட்டாரும் உணர்கருவியும் வகுப்பில் பாடமாக வரும்போது, பள்ளத்தில் கிடந்த பத்துக் காசு நினைவுக்கு வரும். அதற்காகத்தான் இரண்டு இடங்களிலும் கற்க வைக்கிறார்கள்.

வாழ்க்கைத்தொழில் என்று பார்த்தால் இதில் கிடைப்பது சம்பளம் மட்டும் அல்ல. சிங்கப்பூரில் வீட்டு மின்கம்பி வேலைக்குக்கூட எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஆணையம் சான்றிதழோடு நடைமுறை அனுபவத்தையும் கேட்கிறது. படித்துவிட்டு அனுபவம் தேடுபவன் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகிற இரண்டு படிகளை, தொழில் பழகுபவன் ஒரே காலத்தில் ஏறிவிடுகிறான். இதில் சிக்கலும் உண்டு. ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் நிறுவனம் பழக வந்தவனையே முழு ஆளாக ஓடவிட்டால், பயிற்சி ஏட்டில் மட்டும் நடக்கும். உனக்குப் பொறுப்பாளர் யார், எந்தெந்த வேலைகளை எந்த வரிசையில் காட்டுவார்கள், இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்ற மூன்றையும் கேட்காமல் சேரக்கூடாது.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இங்கே அதிகம் புழங்குவது 'பயிற்சியாளர்'. அதை நான் தவிர்க்கச் சொல்வேன். காற்பந்துக் குழுவுக்குச் சொல்லித்தருபவரும் பயிற்சியாளர், சொல்லித்தரக் கேட்பவரும் பயிற்சியாளர் என்றால் படிவத்தில் யார் எங்கே கையொப்பமிடுவது? 'பயிலுநர்' பரவாயில்லை. இலங்கையில் அது பரவலாக உண்டு. ஆனால் பாடம் பயில்பவரையும் அது குறிக்கும் என்பதால் தொழிலின் வாசனை குறைவு. சொல்லின் வேர் மட்டும் அருமையானது. பயில் என்பதற்குக் கற்பது மட்டும் பொருள் அல்ல, நெருங்கிப் பழகுவதும் பொருள். குறளில் 'பயில்தொறும் பண்புடையாளர் தொடர்பு' என்று வருவது அந்தப் பொருளில்தான். 13ஆம் நூற்றாண்டு நன்னூல் இன்னும் தெளிவாகக் கணக்கே போட்டுக் காட்டுகிறது. ஆசான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டாலும் கால் பங்குதான் ஒட்டும், 'அவ்வினையாளரொடு பயில்வகை' இன்னொரு கால், மற்றவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. பவணந்தி முனிவர் பேசியது இலக்கண மாணவரைப் பற்றி. ஆயினும் மின்தூக்கி அறைக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: 'பயில்வான்' இந்த வேரிலிருந்து வந்ததன்று. அது பாரசீகப் 'பஹ்லவான்' தமிழ் உடை உடுத்தியது.

தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் நிலைபெற்றிருப்பது 'தொழிற்பழகுநர்'. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொழிற்பழகுநர் சட்டம் என்றுதான் தமிழில் குறிப்பிடுகிறார்கள். முதலில் கேட்கும்போது அரசாணை போல ஒலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து புனைந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். "ஆசாரியிடம் தொழில் பழகுகிறான்", "தையல் பழகுகிறாள்" என்று ஊரில் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்பது ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல். வினை நம்மிடம் ஏற்கெனவே இருந்தது, பெயர்தான் இல்லை. அதற்குப் பதில் எடுபிடி, கையாள், பட்டறைப் பையன் என்று கற்பவனின் வேலையை மட்டும் குறித்தோம், அவன் கற்கிறான் என்பதைக் குறிக்கவில்லை. பழகு என்பதற்குப் பிறவினையும் உண்டு: பழக்கு. ஆகவே கற்பவர் பழகுநர், கற்பிப்பவர் பழக்குநர். 'பயிற்சியாளர்' தரும் குழப்பம் இங்கே எழவே எழாது. 'பழக்குநர்' அதிகம் வழங்கவில்லை என்பதால் அந்த இடத்தில் 'பயிற்றுநர்' என்று எழுதினாலும் பிழையில்லை.

ஏற்பாட்டைக் குறிக்கத் 'தொழிற்பழகுநர் பயிற்சி' என்று எழுதலாம். வெறும் 'தொழிற்பயிற்சி' என்றால் வகுப்பறையில் மட்டும் நடப்பதையும் அது உள்ளடக்கிவிடும். 'அப்ரண்டிஸ்' என்று தமிழ் எழுத்தில் எழுதுவதும் தீட்டு அல்ல, பேச்சுக்கு அதுவே போதும். எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தொழில் என்பதோடு பழகுநர் சேரும்போது ல் திரிந்து ற் ஆகும். ஈற்றில் வருவது நர், னர் அன்று. ஓட்டுநர், இயக்குநர், பழகுநர் மூன்றுக்கும் இதே விதி.