சர்க்கரை உருகுகிறதா, சிதைகிறதா?

சர்க்கரையின் உருகுநிலை ஒரு புத்தகத்தில் 186 டிகிரி செல்சியஸ் என்றும் இன்னொன்றில் 160 என்றும் இருக்கிறதே, எது சரி என்று ரோஸ்ஹில் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கரும்பை நம்பி வளர்ந்த மொரீஷியஸில் எழ வேண்டிய கேள்விதான். இரண்டுமே அளந்து எழுதியவை. சிக்கல் சர்க்கரையிடம்தான் இருக்கிறது.

சூடேறும்போது பொருள் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவிக்கு டி.எஸ்.சி. என்று பெயர். 3 முதல் 5 மில்லிகிராம் சர்க்கரையைச் சின்ன அலுமினியக் கிண்ணத்தின் அடியில் படியப் பரப்பி, ஒப்பிடுவதற்குப் பக்கத்தில் வெறும் கிண்ணம் ஒன்றை வைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றுவார்கள். உருகும்போது வெப்பம் உறிஞ்சப்படுவதால் வரைகோட்டில் ஒரு பள்ளம் விழும். பள்ளத்தின் ஆழத்தில் உள்ள புள்ளியை உருகுநிலையாக எடுக்கக் கூடாது. மாதிரியின் எடை கூடினாலே அது நகர்ந்துவிடும். இறங்கும் சரிவுக்குத் தொடுகோடு போட்டு, பள்ளத்துக்கு முன் நேராகப் போகும் அடிக்கோட்டை அது வெட்டும் இடத்தை எடுக்க வேண்டும். முதலில் இண்டியம் உலோகத்தை உருக்கிக் கருவியைச் சரிபார்ப்பது கட்டாயம்: 156.6 டிகிரி வந்தாக வேண்டும்.

வேகத்தை மாற்றிப் பாருங்கள். முறையாகச் சரிசெய்த கருவியில் இண்டியம் எந்த வேகத்திலும் 156.6-ஐ ஒட்டியே உருகும். சர்க்கரையோ மெதுவாகச் சூடேற்றினால் முன்னதாகவும் வேகமாகச் சூடேற்றினால் பல டிகிரி தள்ளியும் இளகும். வேகத்துக்கு ஏற்ப மாறுகிறது என்றால் அங்கே நேரம் பிடிக்கிற ஏதோ ஒன்று நடக்கிறது. அதுதான் வேதிவினை. சர்க்கரையின் மூலக்கூறான சுக்ரோஸ் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் பகுதிகளாக உடைகிறது. உடைந்த துணுக்குகள் படிகத்துக்குள் கலந்து, மீதிப் படிகத்தையும் இளக வைக்கின்றன. உடைய எவ்வளவு அவகாசம் கொடுக்கிறோமோ அவ்வளவு குறைந்த வெப்பத்திலேயே படிகம் குலையும். 120 டிகிரியில் நாள்கணக்கில் வைத்திருந்தாலே போதும்.

எடை இழப்பை அளக்கும் டி.ஜி.ஏ. கருவி இதைக் காட்டிக்கொடுக்காது. மூலக்கூறு இரண்டாக உடைந்தாலும் எதுவும் வெளியேறாததால் எடை அப்படியே இருக்கும்; நீராவி கிளம்பத் தொடங்கிய பிறகுதான் கோடு சரியும். அந்தக் கோட்டை மட்டும் பார்த்து ‘இதுவரை சிதைவே இல்லை’ என்று அறிக்கை எழுதுவது பெரிய தவறு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கிண்ணத்தின் மூடியில் ஊசித்துளை இல்லாமல் இறுக்கிவிட்டு 200 டிகிரியைத் தாண்டினால், உள்ளே நீராவி அழுத்தம் ஏறி மூடி பிதுங்கும். நுரைத்த கருஞ்சர்க்கரை உணர்கருவியில் ஒட்டிக்கொண்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

கரும்புச் சர்க்கரையில் 150 டிகிரி அருகே ஒரு சின்னப் பள்ளம் தெரிவதுண்டு. பீட் கிழங்குச் சர்க்கரையில் அது பெரும்பாலும் இருக்காது. பீட் ஆலைகளில் சேர்க்கும் சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மம் சிதைவைத் தடுப்பது இதற்கு முக்கியக் காரணம். மஸ்கவாடோ என்ற பழுப்புச் சர்க்கரை போன்ற தனிவகைச் சர்க்கரைகளை உலகுக்கு விற்கும் தீவு இது. அவற்றில் ஒட்டியிருக்கும் கரும்புப்பாகில் ஈரமும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏற்கெனவே இருப்பதால் பள்ளம் அகன்று மங்கிவிடும். இவற்றை நிதானமாக அளக்க நம் ஆய்வகங்களுக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. சூடேற்றிய வேகத்தைக் குறிப்பிடாத எந்த உருகுநிலையையும் தரச்சான்றிதழில் ஏற்கக் கூடாது.