கிங் கவுன்டி மெட்ரோ பஸ்: யாருக்கு எவ்வளவு கட்டணம், யாருக்கு இலவசம்?

அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து தங்கும் அப்பா அம்மாக்களில் பலர் பஸ் பக்கமே போவதில்லை. கார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது முழு உண்மை இல்லை. சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் எல்லாம் அடங்கிய கிங் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி), கவுன்டி அரசே பஸ் ஓட்டுகிறது. அதன் பெயர் மெட்ரோ.

மெட்ரோ பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் கலந்த சாக்கடையைத் தடுக்க 1958-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் கையில்தான் 1973-ல் பஸ்களும் வந்து சேர்ந்தன. அதன் நிர்வாகக் குழு அமைக்கப்பட்ட விதம் 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்ற விதிக்கு முரணானது என்று 1990-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் மக்கள் வாக்களித்து, 1994 முதல் அது கவுன்டி அரசோடு இணைந்தது. இதை ஓட்டுவதற்கான பணத்தில் பெரும்பங்கு விற்பனை வரியிலிருந்து வருகிறது. பஸ் ஏறாதவர்களும் கடையில் சாமான் வாங்கும்போது இதற்குப் பணம் கட்டுகிறார்கள். டிக்கெட் காசு அதில் ஒரு சிறு பகுதிதான்.

சரி, கட்டணத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் முதல் 19 வயதிலிருந்து 64 வயது வரை உள்ளவர்களுக்கு 3 டாலர். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் கவுன்டியின் மறுகோடிக்குப் போனாலும் அதேதான். 18 வயது வரை உள்ளவர்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து கட்டணமே கிடையாது. 65 வயது ஆனவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் 1 டாலர். இதற்கென்று ஒரு சலுகை அட்டை வாங்க வேண்டும். வயதைக் காட்டப் பிறந்த தேதியும் போட்டோவும் உள்ள அரசு அடையாள அட்டை போதும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 'ஓர்கா லிஃப்ட்' என்று தனி அட்டை. அதிலும் 1 டாலர்தான். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவைப்போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

பலர் காசை வீணாக்கும் இடம் ஒன்று உண்டு. இங்கே நடத்துனர் கிடையாது. ஏறும் இடத்தில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். நோட்டையும் சில்லறையையும் அதில் போட வேண்டும். ஐந்து டாலர் போட்டால் ஐந்தும் போனதுதான், மீதி வராது. ரொக்கம் கொடுத்தவர் கேட்டால் ஓட்டுநர் ஒரு துண்டுச் சீட்டுத் தருவார். அதைக் காட்டி வேறொரு மெட்ரோ பஸ்ஸில் மாறி ஏறலாம், ஆனால் ரயிலில் அது செல்லாது. 'ஓர்கா' என்ற, பணம் ஏற்றிவைக்கும் பயணக் கார்டைத் தட்டி ஏறினால் கதை வேறு. இரண்டு மணி நேரத்துக்குள், வேறு நிறுவனம் ஓட்டும் பஸ்ஸோ 'லிங்க்' என்ற நகர ரயிலோ எதில் மாறினாலும், முதலில் கட்டிய தொகை கணக்கில் வரும். வீட்டருகே பஸ் ஏறி, பிறகு 'லிங்க்' ரயில் பிடித்து விமான நிலையம் போகிறீர்கள் என்று வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் மூன்றும் மூன்றும் ஆறு டாலர். கார்டு இருந்தால் மூன்றோடு சரி. ரயிலில் ஏறும் முன் நிலையத்தில் கார்டைத் தட்ட மறக்காதீர்கள், இறங்கும்போது தட்ட வேண்டியதில்லை.

'ரேப்பிட் ரைடு' என்ற சிவப்பு நிற பஸ்களில் எந்தக் கதவு வழியாகவும் ஏறலாம். அதனால் டிக்கெட் கேட்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டணச் சோதனை 2025-ல் மறுபடியும் தொடங்கிவிட்டது. முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம். அபராதத்தை முப்பது நாளுக்குள் கட்டினால் 20 டாலர், தாமதித்தால் 40. பணம் இல்லாதவர் இரண்டு மணி நேரம் சமூக சேவை செய்தோ, சலுகைக் கட்டணத் திட்டத்தில் சேர்ந்தோ அதைத் தீர்த்துக்கொள்ளலாம். இதைவிட நியாயமான அபராத விதியை நான் பார்த்ததில்லை.

பஸ்ஸுக்குள் ஏற முடியாதவர்களுக்குச் சாய்தளம் உண்டு. முட்டி வலிக்காரர்கள் கேட்டாலும் ஓட்டுநர் அதை இறக்கித் தருவார். சாதாரண பஸ்ஸையே பயன்படுத்த முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு 'ஆக்சஸ்' என்ற வேன் சேவை இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, தகுதி பெற்று, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பதிவு செய்ய வேண்டும். சைக்கிளை பஸ்ஸின் முன்புறக் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இரவு 8 மணிக்கு மேல் தனியாகப் போகிறவர்கள், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே தங்கள் வீட்டுக்குப் பக்கமாக இறக்கிவிடச் சொல்லி ஓட்டுநரிடம் கேட்கலாம். பாதுகாப்பான இடம் என்று அவருக்குப் பட்டால் நிறுத்துவார்.

குளிர்காலத்தில் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். சியாட்டில் மேடும் பள்ளமுமான ஊர். பனி விழுந்தால் செங்குத்தான தெருக்களை விட்டுவிட்டுப் பஸ்கள் வேறு வழியில் போகும். உங்கள் நிறுத்தத்துக்கு அன்று பஸ் வராமலே போகலாம். பல தடங்களுக்குப் பனிக்கால வழி முன்னதாகவே வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது. டிசம்பருக்கு முன்பே அதைப் பார்த்து, எந்த நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.