ஆசாரி விட்டுவைத்த இடைவெளி

புளியரை, செங்கோட்டைப் பக்கம் சாரல் கட்டி ஒரு வாரம் ஆனால் போதும், ஆசாரிமாரின் போன் ஓயாது. "அண்ணாச்சி, வாசக்கதவு இறுக்குது, பிள்ளையளால இழுக்க முடியல." பங்குனி வெயிலில் அதே வீட்டிலிருந்து வேறு புகார் வரும்: "பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவுல வெள்ளைக் கோடு தெரியுது. தேக்குன்னு சொல்லித்தான துட்டு வாங்குனீய?" ஆசாரி இரண்டுக்கும் ஒரே பதில் வைத்திருப்பார்: "கொஞ்சம் பொறுங்க, தானா சரியாயிரும்." ஆள் தட்டிக்கழிக்கிறார் என்று வீட்டுக்காரருக்குத் தோன்றும். பெயிண்டரோ, டைல்ஸ் போட வந்தவரோ, கையில் டிரில்லிங் மெஷின் வைத்திருக்கும் மைத்துனரோ வந்து அதைச் 'சரி' பண்ணுவார்கள். நல்ல கதவுகள் பெரும்பாலும் கெடுவது அந்த ஒரு மதியத்தில்தான்.

ஆசாரி சொன்னது சாக்குப்போக்கு இல்லை. அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டு, நிலையில் மாட்டிய பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. நாரின் உள்குழிவில் நிற்பது ஒன்று, நாரின் சுவருக்குள் ஊறிக் கிடப்பது இன்னொன்று. மரம் காயும்போது குழிவில் நிற்பது முதலில் வெளியேறும். அதனால் எடை குறையுமே தவிர அளவு குறையாது. ஈரப்பதம் 30 விழுக்காட்டை நெருங்கும்போது குழிவு காலியாகிவிடும். அதற்குமேல் காய்ந்தால் சுவரில் இருக்கும் தண்ணீர்தான் போயாக வேண்டும். மரம் சுருங்கத் தொடங்குவது அங்கேதான். (முற்றிலும் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு, உள்ளிருக்கும் தண்ணீரின் எடை எவ்வளவு என்பதே இந்தக் கணக்கு. அதனால் பச்சை மரத்தில் ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு.)

நாரின் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. அந்த இழைகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள பொருளிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. தண்ணீர் மூலக்கூறுகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு இழைகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகின்றன. இழைகள் ஏறக்குறைய நாரின் நீளவாக்கிலேயே ஓடுவதால், விலகல் பக்கவாட்டில்தான் நடக்கும். ஆகவே மரம் அகலத்தில் பெருக்கும், நீளத்தில் அநேகமாக அசையாது. பச்சையிலிருந்து முழுக்க உலரும்வரை நீளச் சுருக்கம் பொதுவாக 0.1 முதல் 0.2 விழுக்காடுதான்.

அகலத்திலும் எல்லாத் திசையும் ஒன்றில்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் தேக்கு 5.8 விழுக்காடு சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 விழுக்காடுதான், ஏனென்றால் அந்தத் திசையில் ஓடும் கதிர்த் திசுக்கள் ஓரளவு இழுத்துப் பிடிக்கின்றன. மரங்களில் தேக்கு அடக்கமானது. வெள்ளை ஓக் வளையத் திசையில் 10.5 விழுக்காடு சுருங்கும். தேக்குக்கு விலை அதிகம் இருப்பதில் இந்த அடக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் தேக்கும் அசையாத மரம் இல்லை.

மரம் எவ்வளவு ஈரத்தில் நிலைக்கும் என்பதைச் சுற்றியுள்ள காற்று தீர்மானிக்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்ற அளவு) 80 விழுக்காடாக இருந்தால் மரம் சுமார் 16 விழுக்காட்டில் நிற்கும். காற்றில் 50 என்றால் மரத்தில் 9, காற்றில் 30 என்றால் மரத்தில் 6. நம் ஊர் கேரள எல்லைப் பகுதியாக இருப்பது இங்கே பெரிய விஷயமாகிறது.

தென்மேற்குக் காற்று கேரளப் பக்கம் மலை ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே மிச்சம் வருவதுதான் செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் சாரல். அதே காற்று கிழக்கே இறங்கும்போது அழுத்தத்தால் சூடேறுகிறது, மேகமற்ற காற்றில் 100 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி. சூடேறிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் சரியும். ஆனி மாதம் செங்கோட்டையில் துணி காயாமல் நாறும். சுமார் 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் சங்கரன்கோவிலில் அதே நாளில் புழுதி பறக்கும். செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டாலும் மரம் வரும் வழி மாறவில்லை. தென்மலை, ஆரியங்காவு வனத்துறை டிப்போக்களில் ஏலம் எடுத்த மரம் இன்றும் மலையிறங்கிக் கிழக்கே வருகிறது. ஈரக் காற்றில் இழைத்த கதவு உலர்ந்த காற்றுள்ள வீட்டில் போய் நிற்கிறது. அந்த வீட்டுப் படுக்கையறையில் ஏசி இருந்தால், ஒரே கதவின் இரண்டு முகங்களுக்கு இரண்டு பருவம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 சென்டிமீட்டர் அகலப் பலகை, வளையத் திசையில் அறுத்தது. 16 விழுக்காட்டிலிருந்து 9-க்கு இறங்கினால் அது 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். 90 சென்டிமீட்டர் கதவை முழுக்க இப்படிப்பட்ட பலகைகளை ஒட்டியே செய்தால் 12 மில்லிமீட்டர். சாரலில் நிலைக்குள் நுழையாது, கோடையில் பல்லி புகுந்து வெளியேறும்.

இதற்குத்தான் சட்டம் கட்டிய கதவு. இரண்டு நெடுஞ்சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். குறுக்குச் சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் இறங்கியிருக்கும். கதவின் அகலத்தில் பெரும்பகுதி குறுக்குச் சட்டத்தின் நீளம், நீளமோ அசையாது. மிச்சம் அசைவது 10 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு நெடுஞ்சட்டங்கள் மட்டும், இரண்டும் சேர்ந்து 3 மில்லிமீட்டருக்குள். அந்த 12-ஐ 3 ஆக்கியவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் இல்லை. நடுவே இருக்கும் பேனல் பலகையை நான்கு பக்கமும் சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் சும்மா செருகி வைப்பார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. மேலும் கீழும் நடுப்புள்ளியில் மட்டும் ஒரு சிறு முளை இருந்தாலும் இருக்கும். பக்கக் காடிக்குள் மூன்று நான்கு மில்லிமீட்டர் காலியிடம் விட்டிருப்பார்கள். பலகை அதற்குள் பெருத்துச் சுருங்கிக்கொள்ளும், கதவின் வெளி அளவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

வீட்டுக்காரர் கண்ணில் குறையாகப் படுவது இந்தக் காலியிடம்தான். மழைக்காலத்தில் பலகை பெருத்திருக்கும்போது பாலிஷோ பெயிண்டோ அடித்திருந்தால், கோடையில் அது சுருங்கும்போது காடிக்குள் மறைந்திருந்த விளிம்பு வெளியே வரும். நிறம் படாத வெறும் மரம், சட்டத்தை ஒட்டி நூல் பிடித்ததுபோல் நேராக ஒரு வெளிர் கோடு. உண்மையில் இதை ஆசாரியின் விடுபடல் என்று சொல்லலாம். பேனலைச் செருகும் முன்பே விளிம்பு வரைக்கும் நிறம் கொடுத்திருந்தால் கோடு தெரிந்திருக்காது. பணத்துக்கும் நாளுக்கும் இழுபறி நடக்கும் வேலையில் முதலில் வெட்டு விழுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அந்தக் கோட்டில் பெயிண்டர் புட்டியை அழுத்தி வழித்து, உப்புத்தாள் போட்டு, மேலே நிறம் அடித்துவிடுகிறார். கோடையில் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். சாரலில் பலகை பெருக்கும்போது போக இடமில்லை. மரம் பெருக்கும் விசை சாதாரணமானதில்லை. ஒன்று நெடுஞ்சட்டத்தைத் தள்ளிக் கழுந்தின் பிடியைத் தளர்த்தும், இல்லை பலகையின் நார்ச் சுவர்களே நசுங்கும்.

நசுங்குவதுதான் மோசம். மம்பட்டி ஆடினால் காம்போடு தண்ணீரில் ஊறப்போடுவது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அன்றைக்கு இறுகும், நாலு நாள் கழித்து முன்னைவிட மோசமாக ஆடும். இரும்பு வளையத்துக்குள் பெருக்க முடியாத மரம் தன் சுவர்களையே நசுக்கிக்கொள்கிறது. உலரும்போது நசுங்கிய அளவிலிருந்து சுருங்குவதால், பழைய அளவுக்கும் கீழே போய்விடுகிறது. புட்டி வைத்த கதவிலும் இதே கதைதான். அடுத்த கோடையில் இடைவெளி முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். அதற்கும் புட்டி. இரண்டு மூன்று ஆண்டுகளில் மூலைக் கழுந்து வாயைப் பிளக்கும், அப்போது எல்லோருக்கும் ஆசாரியின் பெயர் ஞாபகம் வரும்.

அடுத்தது பித்தளைப் பட்டை. பூஜை அறைக் கதவுக்கு அழகாக இருக்கும் என்று பேனலின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, திருகாணி போட்டு அடித்துவிடுகிறார்கள். 40 சென்டிமீட்டர் பித்தளை 10 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஈரம் அதை ஒன்றும் செய்யாது. அடியில் இருக்கும் மரம் 5 மில்லிமீட்டர் நகரப் பார்க்கும். இரண்டு முனையும் திருகாணியில் மாட்டியிருக்கையில் மரம் சுருங்கினால், நார்கள் குறுக்குவாக்கில் இழுபடும். மரம் நீளவாக்கில் தாங்கும் இழுப்பில் சிறு பங்குதான் குறுக்கே தாங்கும். பட்டென்று ஒரு சத்தம், நடு ராத்திரியிலும் கேட்கும். காலையில் பார்த்தால் பேனலில் செதுக்கிய அம்மன் உருவத்தை இரண்டாகப் பிரித்து மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. நடுவில் ஒரு திருகாணியை இறுக்கி, ஓரத் துளைகளை நீளவாட்டில் அரம் போட்டுப் பெரிதாக்கியிருந்தால் பட்டையும் இருந்திருக்கும், அம்மனும் பிழைத்திருப்பாள்.

டைல்ஸ் போட்டுத் தரை உயர்ந்ததால் கதவின் அடியை அறுப்பது மூன்றாவது. அறுக்கத்தான் வேண்டும் என்றால் வேறு வழியில்லை. ஆனால் அறுத்த முகத்தை அப்படியே விடுவதுதான் கொடுமை. நெடுஞ்சட்டத்தின் அடி முனை என்பது நார்க் குழாய்களின் திறந்த வாய். பலகையின் பக்க முகத்தைவிட அது பத்து மடங்குக்கும் மேல் வேகமாக ஈரத்தை உறிஞ்சும். பழைய வேலையில் ஆசாரி அந்த முனைக்கு வார்னிஷ் கொடுத்திருப்பார், யாரும் குனிந்து பார்க்காத இடம் என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது. மெஷின் போட்டு அறுத்ததில் அது போயிற்று. தினமும் வீடு துடைக்கும் தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறது. ஆறு மாதத்தில் அடிப்பக்கம் கறுத்து, பாலிஷ் செதில் செதிலாக எழும்பும். இரண்டு அங்குலம் அறுத்திருந்தால் அடிக் குறுக்குச் சட்டத்தின் கழுந்துக்குப் பக்கத்திலேயே அறுவை போயிருக்கும், கதவு தொங்க ஆரம்பிக்கும்.

ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடிப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்கத் தடுப்பதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறது. ஒரு முகம் வேகமாகவும் மறுமுகம் மெதுவாகவும் ஈரம் வாங்கினால் பலகை வளையும். தேக்கு வைரத்தில் (மரத்தின் முற்றிய நடுப்பகுதியில்) இயற்கையாகவே எண்ணெய்ப் பசையும் டெக்டோகுவினோன் போன்ற சேர்மங்களும் இருக்கின்றன. கரையானை எட்ட வைப்பவை அவைதான். எனாமல் பெயிண்ட் சரியாகப் பிடிக்காமல் உரிவதற்கும் அவையே காரணம்.

செய்து கொடுத்த வேலையை வாங்கியவர் சிதைத்தால் கேட்க வழி உண்டா என்று ஆசாரிமார் கேட்பதுண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவில், விற்ற பிறகும் படைத்தவருக்குச் சில உரிமைகளை வைத்திருக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல், விஞ்ஞான் பவனுக்குச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்தியதற்காக வழக்காடினார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. ஆனால் நீதிமன்றம் பார்த்தது கலைப்படைப்பை. சாதாரணக் கதவில் புட்டி வைத்ததற்கு இதைக் காட்டி வழக்குப் போட முடியும் என்று நான் நம்பவில்லை.

என் கணக்கில் பாதிப் பொறுப்பு பட்டறையுடையது. "தானா சரியாயிரும்" என்பதோடு நிறுத்தாமல், காடிக்குள் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதை மாட்டும் அன்றே காட்டிவிடலாம். இரண்டு ஊசி குத்தி, மரத்தின் மின் தடையை வைத்து ஈரப்பதம் சொல்லும் கையடக்க மீட்டர்கள் கிடைக்கின்றன. உலர்ந்த மரத்தில் மின்சாரம் பாய்வது கடினம், ஈர மரத்தில் எளிது. டெலிவரி அன்று காட்டும் எண்ணைப் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தால், மார்ச் மாதப் புகார் வரும்போது பேச ஓர் ஆதாரம் இருக்கும். அந்த எண் 16 என்று இருந்தால் சங்கரன்கோவில் வீட்டுக்கு அந்தக் கதவு இன்னும் தயாராகவில்லை என்று பட்டறைக்கே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே புட்டி வைத்தாயிற்று என்றால், சுரண்டி எடுக்க நல்ல காலம் சித்திரை, வைகாசி. பலகை சுருங்கி இடைவெளி விரிந்திருக்கும், மெல்லிய கத்தியைக் காடி ஓரமாக ஓட்டினால் புட்டி துண்டு துண்டாக வரும். ஆடியில் இறங்கினால் பலகை இறுகி நிற்கும்; புட்டி வராது, சட்டத்தின் விளிம்புதான் பெயர்ந்து வரும்.