மஞ்சள் கோடு போட்ட 400 பக்கங்கள்

போன வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் நூல் கோத்துக் கட்டிய காகிதக் கட்டு. மேசை மேல் வைத்துவிட்டு, "எல்லா ஆதாரமும் இருக்கிறது மேடம். நீங்கள் மனுப் போட்டால் மட்டும் போதும்" என்றார்.

400 பக்கங்களுக்கு மேல். அத்தனையும் அவருடைய மனைவியின் வாட்ஸ்அப் உரையாடல்கள். மனைவி குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய கைபேசியைத் தன் மடிக்கணினியோடு இணைத்திருக்கிறார். அன்று முதல் ஆறு மாதமாக மனைவிக்கு வருவதும் மனைவியிடமிருந்து போவதும் இவர் திரையிலும் ஓடிக்கொண்டிருந்தன.

புரட்டிப் பார்த்தேன். பெரும்பகுதி அக்காவோடு பேசியது. அம்மாவின் சர்க்கரை அளவு, மகனின் பள்ளிக் கட்டணம், குளிரில் மாவு புளிக்காதது. இடையிடையே சில வரிகளுக்கு மட்டும் மஞ்சள் கோடு. "ஞாயிற்றுக்கிழமைகூட முகம் பார்த்துப் பேசுவதில்லை அக்கா. எதைக் கேட்டாலும் 'ம்' என்கிறார். நான் இந்த வீட்டில் இருப்பது அவருக்குத் தெரிகிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது." இந்த வரிகளுக்கு எதிரே, ஓரத்தில், "கொடுமை, ஆதாரம் 17" என்று பேனாவால் எழுதியிருந்தார். தன்னைப் பற்றி வெளியாளிடம் அவதூறு பேசினார் என்பது அவருடைய வாதம்.

மனைவிக்கு என்ன வேண்டும் என்பதை ஆறு மாதமாக ஒவ்வொரு இரவும் படித்திருக்கிறார். படித்ததையெல்லாம் எண் போட்டு அடுக்கிவைத்திருக்கிறார்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இது ஒருவருடைய கதையல்ல. குடும்பநல நீதிமன்றத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வழக்கு நடத்துகிறேன். முன்பெல்லாம் கட்சிக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையும் ரேஷன் அட்டையும் கொண்டு வருவார்கள், அழுவார்கள், பிறகு நடந்ததைச் சொல்வார்கள். இப்போது பென் டிரைவோடு வருகிறார்கள். நடந்ததைச் சொல்லுங்கள் என்றால், "எல்லாம் இதில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்" என்கிறார்கள். ஆணும் பெண்ணும் இதில் ஒன்றுதான். கணவரின் கூகுள் கணக்கைத் தன் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, அவர் போகும் இடத்தையெல்லாம் வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்காகவும் ஆஜராகியிருக்கிறேன்.

இவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே செய்தியை எடுத்துக் காட்டுகிறார்கள். "ரகசியமாகப் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே!" ஐயா, அம்மா, அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டு வாழ்க்கையைப் பணயம் வைக்காதீர்கள்.

2025 ஜூலை 14ஆம் தேதி வந்த தீர்ப்பு அது. பஞ்சாபில் பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய விவாகரத்து வழக்கு. கணவர் தன் மனைவியோடு தான் பேசிய தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து வைத்திருந்தார். குடும்ப நீதிமன்றம் அவற்றை அனுமதித்தது. 2021இல் பஞ்சாப் மற்றும் ஹரியானா உயர் நீதிமன்றம் அது அந்தரங்க உரிமையை மீறும் செயல் என்று தடுத்தது. உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்து, கணவன் மனைவிக்கு இடையிலான வழக்கில் அத்தகைய பதிவைச் சான்றாகப் பரிசீலிக்கலாம் என்றது.

கவனியுங்கள். அது அவரும் மனைவியும் பேசிய பேச்சு. மனைவி தன் அக்காவோடு பேசியதல்ல, தோழியோடு பேசியதல்ல. கைபேசிக்குள் ஒற்றுச் செயலியை ஏற்றி எடுத்ததும் அல்ல. "பரிசீலிக்கலாம்" என்பதற்கு "நிரூபணம் ஆகிவிட்டது" என்ற பொருளும் கிடையாது. குரல் யாருடையது, வெட்டி ஒட்டப்படவில்லையா, வழக்குக்குத் தொடர்புடையதா என்பதையெல்லாம் அதன் பிறகுதான் சோதிப்பார்கள். ஒலிப்பதிவுகளுக்கு இந்தச் சோதனைகள் 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலேயே வகுக்கப்பட்டவை. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 14ஆவது பிரிவு சான்று விஷயத்தில் நீதிபதிக்குத் தளர்வு தந்திருப்பது உண்மைதான். ஆனால் நீதிபதி ஒன்றை வாங்கிக்கொள்வது வேறு, அதை நம்புவது வேறு. எத்தனை முறை சொன்னாலும் கட்சிக்காரர்கள் காதில் இது மட்டும் ஏறுவதில்லை.

அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் இன்னொன்றும் சொன்னார்கள். தம்பதிகள் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால், அந்த உறவு ஏற்கெனவே முறிந்துவிட்டதற்கு அதுவே அறிகுறி என்றார்கள். என்னிடம் வருகிறவர்கள் யாரும் இந்த வரியைக் காட்டியதில்லை.

நம் பக்கத்தில் 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. மனைவியின் கைபேசி அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்தார் கணவர். அந்தரங்கத்தை மீறி எடுத்த அந்தச் சான்றை ஏற்க முடியாது என்று நீதிபதி நிராகரித்தார். இந்த இரண்டு தீர்ப்புகளையும் எப்படிப் பொருத்திப் படிப்பது என்று நாங்கள் வழக்குக்கு வழக்கு வாதாடுகிறோம். வழக்கறிஞர்களே வாதாடிக்கொண்டிருக்கும் ஒன்றை, ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவு செய்துவிடுகிறீர்கள்.

அடுத்து, திரைப்பிடிப்பு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வண்ணத்தில் அச்சடித்தால் ஆதாரம் என்று நினைக்கிறீர்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், மறு பகுதியில் ஒரு நிபுணர். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண் அதில் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு மறுத்தால் மூலக் கைபேசியையே கேட்பார்கள். அப்போதுதான் என் கட்சிக்காரர் தலையைச் சொறிவார். அந்தக் கைபேசியைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் புதியது வாங்கியிருப்பார்.

"இரவு 1.10க்கு ஆன்லைனில் இருந்தாள்" என்று படம் எடுத்துக்கொண்டு வருவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். செயலி திறந்திருந்தது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. அப்படி வந்த ஒரு வழக்கில் அந்தப் பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நீங்கள் ஆதாரம் என்று நினைத்துக் கொண்டு வருவது உங்கள் மீதே குற்றமாகத் திரும்பலாம். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்புகளையும் ஆண் கண்காணிப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவில் பின்தொடர்தல் குற்றத்துக்குள் வருகிறது. முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. கணவன் என்பதற்கு அந்தப் பிரிவில் தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. இன்னொருவரின் கடவுச்சொல்லை நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்துவது, ஆணோ பெண்ணோ யார் செய்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் குற்றம். படுக்கையறைப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்: அவற்றை மனுவோடு சேர்க்கலாமா, மாமனாருக்கு அனுப்பலாமா என்று கேட்டு யாரும் என் அலுவலகப் படியேற வேண்டாம். பாலியல் காட்சிகளை ஒரே ஒருவருக்கு அனுப்பினாலும் அதே சட்டத்தின் 67ஏ பிரிவு பாயும், ஐந்தாண்டு வரை சிறை. அப்படிக் கொண்டு வந்த பென் டிரைவைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

சட்டத்தைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். முன்பு வீட்டில் சண்டை என்றால் நடுவில் ஒரு பெரியம்மாவோ தாய்மாமாவோ நிற்பார். இவன் சொன்னதை அங்கே போய்ச் சொல்வார், அவள் சொன்னதை இங்கே கொண்டு வருவார். ஆனால் சொன்னதைச் சொன்னபடி கொண்டு போகமாட்டார். பத்து வார்த்தையில் ஏழை விழுங்கிவிட்டு மூன்றைத்தான் சொல்வார். "அவன் கோபத்தில் ஏதோ உளறினான், மனதில் ஒன்றும் இல்லை" என்பார். அந்தப் பெரியவர்கள் பெண்ணை மட்டுமே பொறுத்துப் போகச் சொன்னார்கள் என்பதை நான் மறக்கவில்லை; அந்த அநியாயத்தின் வழக்குக் கட்டுகளையும் என் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆனாலும் அவர்கள் விழுங்கிய அந்த ஏழு வார்த்தைகள் பல குடும்பங்களைக் காப்பாற்றின. இன்றைக்கு அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. இரவு பதினொரு மணிக்குக் கோபத்தில் பேசி அனுப்பிய குரல் பதிவு, மறுநாள் காலை இருபது பேர் இருக்கும் குடும்பக் குழுவில் ஒலிக்கிறது. மூன்றாண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் அதே குரல் மீண்டும் ஒலிக்கும்போது, பேசியவரே தன் குரலைக் கேட்டுத் தலைகுனிவதைப் பார்த்திருக்கிறேன். வாய்வார்த்தை காற்றோடு போகும். இது போகாது. மன்னித்தாலும் மறக்கவிடாது.

சமரச மையத்தில் தம்பதியை உட்காரவைத்து, இறங்கி வரும் தறுவாயில் யாராவது ஒருவர் கைபேசியை எடுத்து, "2022 மார்ச்சில் என்ன சொன்னாய் பார்" என்று நீட்டுவார். அன்றைய வாய்தா அதோடு முடிந்தது.

இதைப் படித்துவிட்டு, அடிபடும் பெண் தன் கைபேசியில் உள்ளதை அழித்துவிடக் கூடாது. அதனால் தெளிவாகச் சொல்கிறேன். உங்களுக்கு வந்த மிரட்டல், உங்களிடம் கேட்ட வரதட்சணை, உங்களைத் திட்டிய குரல் பதிவு இவையெல்லாம் உங்களுக்கு அனுப்பப்பட்டவை. நீங்கள் எதையும் திருடவில்லை. அவற்றில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். வெட்டிச் சுருக்காதீர்கள், கோடு போடாதீர்கள், அந்தக் கைபேசியை மாற்றாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் நகல் கொடுத்து வையுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். எந்த ஸ்கிரீன்ஷாட்டையும் விட அந்தச் சீட்டு கனமானது. 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் இருக்கிறது. யாராவது உங்கள் படத்தை வைத்து மிரட்டினால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

மற்றவர்களுக்கு: வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்றொரு பட்டியல் இருக்கிறது. இன்றே திறந்து பாருங்கள். தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். உங்கள் இருப்பிடம் யாரிடம் பகிரப்படுகிறது என்றும் பாருங்கள். துணையின் கணக்கைத் திறந்து வைத்திருப்பவர் நீங்களே என்றால், இன்றிரவே மூடுங்கள். சண்டையைக் குடும்பக் குழுவுக்குக் கொண்டு போகாதீர்கள். துணையைக் குத்திக்காட்டி ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். அதையும் யாரோ படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தவரிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கவில்லை. "ஆதாரம் 17" இருந்த பக்கத்தை மட்டும் எடுத்து, மஞ்சள் கோட்டை மறந்துவிட்டு ஒருமுறை சத்தமாகப் படியுங்கள் என்றேன். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதைத்தான் கேட்டாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை மேடம்" என்றார்.

வரும் புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மடிக்கணினி விஷயத்தை அவரே தன் வாயால் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும், அதை நான் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். சரி என்றார். போகும்போது பையை எடுத்துக்கொண்டுதான் போனார்.